எறிந்த காசும் இட்ட காசும்

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஒரு தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. பணி முடிந்த பெண்களும் ஆண்களும் கூட்டமாக வெளியே வந்து, இடமும் வலமுமாகப் பிரிந்து செல்கிறார்கள். ஒரு நாய் இடையில் புகுந்து ஓடுகிறது. மிதிவண்டியில் ஒருவர் போகிறார். ஏறத்தாழ 50 வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கதை இல்லை, பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட பத்துத் துண்டுப் படங்களுள் இதுவே முதலாவது. திரைப்படம் என்னும் கலை உலகுக்கு முதலில் காட்டிய முகங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் எளியோரின் முகங்கள்.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1891 மே 15 அன்று, திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நிலை குறித்துத் தமது புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் உழைப்பவர் வெறும் கருவி அல்லர், மாண்புள்ள மனிதர் என்று திருச்சபை உரத்துக் கூறிய அதே காலத்தில், அந்த உழைப்பவரையே ஒரு புதிய கண் நோக்கத் தொடங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1898இல் அதே திருத்தந்தையும் வத்திக்கான் தோட்டத்தில் படமாக்கப்பட்டார். 88 வயது முதியவரான அவர் அப்படத்தில் காமிராவை நோக்கிக் கை உயர்த்தி ஆசி வழங்குகிறார். திரைப்படத்தில் பதிவான முதல் திருத்தந்தை அவரே.

அன்றாட வாழ்வைப் பதிவு செய்த அந்தத் தொடக்ககால ஊமைப்படங்களைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகின்றனர். திரையில் வந்த புகைவண்டியைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினர் என்ற கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு அகன்றுவிடுகின்றனர். ஆனால் அப்படங்களை நாம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். எளியவரைப் படம் பிடித்தவர் எங்கே நின்று பிடித்தார்? அவரை எப்படிப் பார்த்தார்? இந்தக் கேள்விகளில்தான் அப்படங்களின் தகுதி அடங்கியிருக்கிறது.

லியோன் தொழிற்சாலைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தொழிற்சாலை லூமியேர் குடும்பத்துக்குச் சொந்தமானது. முதலாளியே தம் தொழிலாளரைப் படம் பிடித்தார். அக்காட்சி ஒரு முறையன்று, மூன்று முறை எடுக்கப்பட்டது என்பதும் இன்று தெரிந்த செய்தி. அவற்றுள் ஒன்றில் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை உடையில் தோன்றுகின்றனர் என்றும், திருப்பலி முடிந்து வந்தவர்களை நிறுத்தி எடுத்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். வேலை முடிந்து திரும்பும் இயல்பான காட்சி என்று நாம் எண்ணியது முதலாளியின் குறிப்பறிந்து நடந்த நடையாகவும் இருக்கலாம். ஆகவே எளியவரைக் காட்டிவிட்டதாலேயே ஒரு படம் எளியவரின் படம் ஆகிவிடாது. இதை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

லூமியேரின் கருவி சிறியது. படம் பிடிக்கவும், படச்சுருளைப் பதிப்பிக்கவும், திரையில் காட்டவும் அந்த ஒரே மரப்பெட்டி போதும். கையால் சுழற்றினால் வினாடிக்கு 16 படங்கள் வீதம் 17 மீட்டர் சுருள் ஓடும். தூக்கிச் செல்ல எளிதாக இருந்ததால், அதனுடன் பயிற்சி பெற்ற ஆட்களை லூமியேர் நிறுவனம் பல நாடுகளுக்கும் அனுப்பியது. 1896 ஜூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் விடுதியில் நம் நாட்டின் முதல் திரையிடல் நடந்ததும் இவ்வாறே. அப்படிப் புறப்பட்டவர்களுள் ஒருவர் கபிரியேல் வெய்ர். 1899, 1900ஆம் ஆண்டுகளில் அன்றைய பிரெஞ்சு இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பகுதியில், அவர் பல துண்டுப் படங்களை எடுத்தார். அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதல் படத்தில் வெள்ளை உடை அணிந்த பிரெஞ்சுப் பெண்மணிகள் இருவர் ஒரு கோயிலின் முன் நிற்கின்றனர். ஆளுநராக இருந்த பால் தூமேரின் மனைவியும் மகளும் என்று கூறப்படும் அவர்கள், துளையிட்ட சிறு காசுகளைத் தரையில் அள்ளி எறிகின்றனர். உள்ளூர்ச் சிறுவர்கள் குனிந்தும் தவழ்ந்தும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தும் அவற்றைப் பொறுக்குகின்றனர். பெண்மணிகளின் முகத்தில் புன்னகை. மீண்டும் ஒரு கை காசு பறக்கிறது. நெல் தூவினால் கோழிகள் ஓடிவருமே, அந்தக் காட்சியே பார்ப்பவருக்கு நினைவு வருகிறது. அப்பெண்மணிகள் கொடியவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாங்கள் அறம் செய்வதாகவே அவர்கள் எண்ணியிருக்கலாம். காமிராவும் அவ்வாறே எண்ணியது. அது அவர்களை நிமிர்ந்த உருவங்களாகவும் சிறுவரைக் குனிந்த முதுகுகளாகவும் பதிவு செய்தது. சிறுவர் ஒருவரின் முகமும் நம் மனத்தில் நிற்பதில்லை.

இரண்டாம் படம் நாமோ என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டது. காமிரா பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஊர்ச் சிறுவர்கள் சிரித்தபடி அதைத் தொடர்ந்து ஓடிவருகின்றனர். முந்துபவர், பின்தங்குபவர், வேடிக்கை பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகத் தெரிகின்றனர். எதையும் பெறுவதற்காக அவர்கள் ஓடவில்லை. விருந்தாளியை ஊர் எல்லைவரை வழியனுப்பும் குழந்தைகளின் ஓட்டம் அது. நூற்றாண்டு கடந்தும் அந்தச் சிரிப்பு நம்மைத் தொடுகிறது. ஒரே மனிதர், ஒரே பெட்டி, ஒரே நாடு. ஆயினும் முதல் படத்தில் சிறுவர்கள் காட்சிப் பொருள்; இரண்டாவதில் அவர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கும் மனிதர்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அந்த இரண்டாம் படத்தின் தலைப்பே அது பல்லக்கு நாற்காலியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்கிறது. அப்படியானால் அந்த நாற்காலியைத் தோளில் சுமந்தவர்கள் சிலர் இருந்திருக்க வேண்டும். காமிரா நகர்ந்ததே அவர்கள் நடந்ததால்தான். ஆனால் படத்தில் அவர்கள் இல்லை. அன்பு ததும்பும் பார்வைக்கும் கூட அதைத் தாங்கிச் செல்பவரின் தோள் தெரியாமல் போவதுண்டு.

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. மதுராந்தகத்தில் வாழும் நமக்கு ஏரி காத்த ராமர் கோயிலின் வரலாறு தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏரிக்கரை உடையும் நிலை ஏற்பட்டபோது ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் துரை கண்டதாகச் சொல்லப்படும் காட்சியை இந்துச் சகோதரர்கள் பக்தியோடு கூறக் கேட்டிருக்கிறோம். துரையின் பெயர் இருநூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கிறது. ஆண்டுதோறும் கூடையில் மண் சுமந்து அந்தக் கரையை உயர்த்திய ஆண்களும் பெண்களும் யார்? அவர்களுள் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை. எழுத்தும் கல்வெட்டும் பெரியோரைக் குறித்துவைத்தன, சுமந்தவரைக் குறித்துவைக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வல்ல கருவியாகத்தான் காமிரா வந்தது. எழுத்தறியாதவரும் தம் முகத்தை வரலாற்றில் விட்டுச் செல்ல அது வழிதிறந்தது. அந்த வழியை நம் நாடு எவ்வளவு பயன்படுத்திக்கொண்டது?

தொடக்கம் நன்றாகவே இருந்தது. பம்பாயைச் சேர்ந்த சாவே தாதா என்னும் பட்வடேகர், 1899இல் அந்நகரின் தொங்கு தோட்டத்தில் நடந்த ஒரு மல்யுத்தத்தைப் படமாக்கினார். இந்தியர் ஒருவர் எடுத்த முதல் படங்களுள் அது எண்ணப்படுகிறது. குரங்காட்டி ஒருவனின் வித்தையையும் அவர் படம் பிடித்தார். வங்கத்தின் ஹீராலால் சென், 1905 செப்டம்பரில் கல்கத்தா நகர மண்டபத்தில் வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கூடிய மக்களைப் பதிவு செய்தார். ஆனால் 1917இல் மூண்ட தீ அவருடைய படச்சுருள்களை அழித்துவிட்டது. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையவை. தீக்குத் தப்பியவை வெப்பத்தாலும் ஈரத்தாலும் பொடிந்தன. எஞ்சியவற்றுள் பல, அவற்றில் இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன.

அயலார் எடுத்தவற்றுள் சில தப்பியுள்ளன. 1899இல் இலண்டன் நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘கல்கத்தாவின் காட்சி’ என்னும் படம் இன்றும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் இருக்கிறது. கங்கையில் செல்லும் படகிலிருந்து எடுத்த காட்சி அது. படித்துறைகளும் நீராடும் மக்களும் தெரிகின்றனர். ஆனால் அது கல்கத்தா அன்று, காசி. பார்க்கும் நம்மவர் எவரும் எளிதில் கண்டுகொள்ளும் காசியை வேறொரு ஊரின் பெயரால் விற்றிருக்கின்றனர். எடுத்தவருக்கு அந்த மக்கள் யார் என்பது பொருட்டாக இல்லை. ‘இந்தியா’ என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. ஒருவரைப் பார்த்தும் அவருடைய ஊரைக் கேளாமல் போவது பாதிப் பார்வையே.

நமக்கு மிக அருகிலும் அத்தகைய படம் ஒன்று உண்டு. மதுராந்தகத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் தெற்கே சென்றால் புதுச்சேரியை அடுத்துள்ளது வில்லியனூர். லூர்து அன்னையின் திருத்தலத்துக்காக நம்மில் பலர் திருயாத்திரை செல்லும் அதே ஊர்தான். அந்த வில்லியனூரின் பெயர் தாங்கிய ஊமைப்படம் ஒன்றைப் பிரான்சின் பாத்தே நிறுவனம் 1914இல் வெளியிட்டது. அதுவும் மேற்சொன்ன காப்பகத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. நம் பாட்டன்மார் காலத்துத் தமிழ் ஊர் ஒன்றைக் காண நாம் இலண்டனை நாட வேண்டியிருக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

தமிழர் கையில் காமிரா வரவில்லையா? வந்தது. தஞ்சைப் பகுதி நிலக்கிழாரான மருதமுத்து மூப்பனார், 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவை இலண்டனில் படமெடுத்து வந்து சென்னையில் காட்டினார். மோட்டார் உதிரிபாக வணிகரான நடராஜ முதலியார், கர்சன் பிரபுவைப் படமெடுத்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் காமிராவைக் கையாளக் கற்றார். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நிலையம் அமைத்து, 1917-18ஆம் ஆண்டுகளில் ‘கீசக வதம்’ என்னும் முதல் தமிழக ஊமைக் கதைப்படத்தை உருவாக்கினார். மன்னரைப் பதிவு செய்தவரிடமிருந்து புராணத்தைப் பதிவு செய்தவரிடம் காமிரா கைமாறியது. நடுவே வயலிலும் கடற்கரையிலும் நின்ற மனிதன் விடுபட்டுப் போனான். படச்சுருள் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வர வேண்டியிருந்த காலத்தில், மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பதைத்தான் எடுக்க முடியும் என்ற நியாயமும் உண்டு. ஆகவே அம்முன்னோடிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களின் உழைப்பும் மறைந்துவிட்டது. தென்னிந்திய ஊமைக் கதைப்படங்களுள் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே இன்று எஞ்சி நிற்பதாக ஆய்வாளர் கூறுகின்றனர்.

இந்த வரலாற்றில் கிறிஸ்தவர் ஒருவரின் பங்கும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் இரயில்வே பணியில் இருந்தவர். 1905இல் தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ‘இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை’யும் ஒன்று. வேலையைத் துறந்து, கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் படம் காட்டினார். தமிழகச் சிற்றூர்களில் பலர் முதன்முதலாகக் கண்ட திரைப்படம் அவர் காட்டியதே. பம்பாயில் தாதாசாகிப் பால்கேயும் 1910ஆம் ஆண்டளவில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்துத்தான் நம் தெய்வங்களின் கதையையும் இவ்வாறு எடுக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். 1913இல் அவருடைய ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. இந்தியத் திரைப்படத்தின் வேரில் நம் ஆண்டவரின் வாழ்க்கைப் படம் இருக்கிறது என்று நாம் மகிழலாம்.

மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழ வேண்டும். அந்தப் புனிதக் கதையிலிருந்து நாம் எதைக் கற்றோம்? வானதூதரையும் புதுமைகளையும் திரையில் கண்டு வியந்தோம். ஆனால் நற்செய்தியின் பெரும்பகுதி அன்றாட வாழ்வால் நெய்யப்பட்டது. வலை அலசும் மீனவர், விதைப்பவர், மாவு பிசையும் பெண், காணாமற்போன காசைத் தேடி வீட்டைக் கூட்டுபவள், கூலிக்குக் காத்து நிற்கும் வேலையாட்கள் ஆகியோரை உற்று நோக்கிய ஒருவரின் கண்களிலிருந்தே உவமைகள் பிறந்தன. அவர் உற்று நோக்கியதை நாம் உற்று நோக்கவில்லை. கோவளம் கடற்கரையில் கட்டுமரம் தள்ளியவரும், மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவரும், ஊர் ஊராக நடந்து ஞானோபதேசம் கற்பித்த உபதேசியாரும் நற்செய்தியின் மாந்தரே என்பது நமக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. இயேசு கோவிலில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, மக்கள் காசு போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்வர் பலர் மிகுதியாகப் போடுகின்றனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரு சிறு காசுகளை இடுகிறாள். அவர் சீடரை அழைத்து, அவள் தன் வாழ்வுக்குரிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள் என்று சுட்டிக்காட்டுகிறார். வெய்ரின் படத்தை இதன் அருகே வையுங்கள். இரண்டிலும் கோயில், இரண்டிலும் சிறு காசு, இரண்டிலும் ஒரு பார்வையாளர். அங்கே காமிரா எறிபவரின் பக்கம் நின்றது. இங்கே இயேசு எதிரே அமர்ந்திருக்கிறார். அங்கே ஏழையின் கை பொறுக்கும் கை. இங்கே ஏழையின் கை கொடுக்கும் கை. அவர் அவளை மேடைக்கு அழைக்கவில்லை, கூட்டத்தின் நடுவே நிறுத்தவில்லை. அவள் யார் என்று யாருக்கும் தெரியாது. அவள் செய்தது மட்டும் உலகம் உள்ளளவும் நிற்கிறது. எளியவரைப் பதிவு செய்யும் கலைக்கு இதைவிட உயர்ந்த இலக்கணம் இல்லை.

இது பழங்கதை ஆராய்ச்சி என்று எவரேனும் நினைக்கலாம். இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் லூமியேரின் பெட்டி இருக்கிறது. 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2015இன் பெருவெள்ளத்துக்குப் பின்னும் இந்தக் கடற்கரையிலும் ஏரிக்கரை ஊர்களிலும் எத்தனை உதவிகள் வழங்கப்பட்டன! அவற்றை வழங்கிய உள்ளங்களை வாழ்த்துகிறோம். ஆனால் அப்போது எடுக்கப்பட்ட படங்கள் எப்படி இருந்தன? அரிசிப் பையின் ஒரு முனையைக் கொடுப்பவர் ஐவர் பிடித்திருப்பர். மறுமுனையில் ஒரு மூதாட்டி தலைகுனிந்து நிற்பார். படம் சரியாக விழும்வரை பையை விடாமல் பிடித்திருக்கச் சொல்லுவர். ஐவரின் பெயரும் படத்தின் கீழ் இருக்கும். மூதாட்டியின் பெயர் இருக்காது. வெய்ரின் காமிராவை நாம் இன்னும் கீழே வைக்கவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று படிப்பிக்கப்பட்ட மக்கள் நாம். நம்முடைய பங்குகளிலும் சங்கங்களிலும் அன்பியங்களிலும் இந்தப் பழக்கம் நுழைந்திருப்பது வருந்தத்தக்கது.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் குறித்துச் சுற்றுமடல் எழுதியபோது, அது ஒழுக்கத்தைக் கெடுக்காமல் காக்க வேண்டும் என்று கவலை கொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டு, அவற்றைப் பொறுப்போடு பயன்படுத்தும் கடமையை வலியுறுத்தியது. பார்ப்பவர் கெட்டுவிடக் கூடாதே என்று அஞ்சிய காலம் இருந்தது. அது தேவையான அச்சமே. இன்று படத்தில் பார்க்கப்படுபவரின் மாண்பைக் குறித்தும் நாம் அஞ்ச வேண்டும்.

அதனால் காமிராவையே ஒதுக்கிவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒதுக்கினால் நம் பேரப்பிள்ளைகளும் நம்மைப் போலவே இலண்டன் காப்பகத்தில் தம் ஊரைத் தேட நேரும். எடுக்க வேண்டும், மிகுதியாக எடுக்க வேண்டும். அச்சிறுபாக்கம் மழைமலை மாதா திருவிழாவில் தேர்பவனியை நூறு பேர் எடுக்கிறார்கள். அன்று அதிகாலை முதல் சமையற் பந்தலில் விறகு தள்ளுபவரையும், தேர் அலங்கரிக்கும் பூக்காரரையும், திருவிழா முடிந்து மலைப்படிகளைக் கூட்டுபவரையும் ஒருவரேனும் எடுக்கட்டும். எடுக்கும் முன் அவரிடம் கேட்கட்டும். எடுத்தபின் அவருக்குக் காட்டட்டும். அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வைக்கட்டும். காசி கல்கத்தாவாக மாறிய பிழை நம் கையால் நேர வேண்டாம். எடுத்ததை ஒரே இடத்தில் போட்டு வைக்காமல் பங்கு அலுவலகத்திலும் ஒரு படி பாதுகாக்கட்டும். ஹீராலால் சென்னுக்கு நேர்ந்த இழப்பிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுவே.

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். கொடுப்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று படமெடுத்துப் பழகிய நாம், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே சற்று நேரம் அமர்ந்து பார்க்கக் கற்போம். அங்கே இன்றும் யாரோ ஒருவர், எவரும் கவனியாத வேளையில், இரு காசுகளை இட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்.